வேலையில்லாக் காலத்தில் டயர்களைப் பாதுகாக்கும் முறை

மரச் சக்கரத்துக்கு ஈரம் நன்மை. ரப்பர் டயருக்கு ஈரம் தீமை. கோடையில் மரம் வற்றிச் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடாதபடி நம் முன்னோர்கள் வண்டிச் சக்கரங்களைக் குளத்தில் இறக்கி ஊறவைத்து வந்தார்கள். மற்றக் காலங்களில் வண்டியை வேப்ப மரத்தடியில் அவிழ்த்துவிட்டு, அடுத்த அறுவடை வரையில் அதை ஏறிட்டும் பாராமலிருப்பது வழக்கம். அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் விளைந்ததில்லை. மாட்டு வண்டிகள் டயருக்கு மாறி, டிராக்டரும் டிரெய்லரும் காரும் வந்த பின்பும் பழக்கம் மட்டும் மாறவில்லை. ஓடாத டயர் தேயாது, ஆகையால் அதற்குச் செலவுமில்லை என்றே அநேகர் எண்ணுகிறார்கள். ஓடும் டயர் பட்டன் தேய்ந்து அழியும். நிற்கும் டயர் வெடிப்புக் கண்டு அழியும். முன்னதில் நாம் பெற்ற வேலையாவது மிஞ்சும். பின்னதில் ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு உதாரணம் தேடி வெகு தூரம் செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரிப் பட்டணத்தை ஒட்டிய சாரத்தையே எடுத்துக்கொள்வோம். சாரம் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. பெயரில் உழவர் இருக்கிறாரேயன்றி, அங்கே உழுநிலம் அதிகம் மிச்சமில்லை. வயல்கள் மனைகளாகி, காமராஜர் சாலையின் இருமருங்கிலும் கடைகளும் வீடுகளும் நெருங்கிவிட்டன. எனினும் இப்பகுதியில் குடியிருந்துகொண்டு வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களில் நிலம் வைத்திருப்போர் உண்டு. அவர்களுடைய டிராக்டரும் டிரெய்லரும் நிலத்தண்டையில் நிற்கும். கார் வீட்டு வாசலில் நிற்கும். இவர்களன்றி, பிரெஞ்சு ஆட்சித் தொடர்பினால் பிரான்சில் குடியேறி, வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் ஊருக்கு வரும் குடும்பத்தாரும் புதுச்சேரியில் அநேகர். அவர்கள் வீட்டுக் கார் பதினோரு மாதம் ஓய்ந்திருந்து ஒரு மாதம் ஓடும்.

அப்படிப்பட்ட கார் ஒன்றைச் சில வருஷங்களுக்கு முன் சாரத்தில் பார்த்தேன். வாங்கி ஏழு வருஷம். பட்டன் புத்தம் புதிதாயிருந்தது. சொந்தக்காரர் அதைக் காட்டிப் பெருமைப்பட்டார். மறுநாள் குடும்பத்தோடு சென்னைக்குப் புறப்பட்டவர் திண்டிவனம் எட்டுவதற்குள் பின்பக்கத்து டயர் பக்கவாட்டில் கிழிந்து, வண்டி சாலையை விட்டு இறங்கிவிட்டது. தெய்வாதீனமாய் ஒருவருக்கும் காயமில்லை. கழற்றிப் பார்த்தபோது பக்கவாட்டு முழுவதும் மயிரிழை போன்ற வெடிப்புகள் காணப்பட்டன. அவை பட்டனைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டா; குனிந்து பார்ப்பவருக்கே தெரியும்.

நின்ற டயர் ஏன் வெடிக்கிறது?

ரப்பர் மரத்துப் பாலிலிருந்தும், இக்காலத்தில் பெரும்பகுதி பெட்ரோலியச் சரக்கிலிருந்தும் செய்யப்படும் ரப்பர், கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சப்பட்ட பின்பே உறுதி பெறுகிறது. 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த இம்முறையே இன்றும் அடிப்படை. ஆயினும் காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரை மெல்ல மெல்லத் தின்றுகொண்டேயிருக்கும். அதனினும் கொடியது ஓசோன் என்னும் வாயு. காற்றில் அது மிகச் சொற்பமாயிருந்தாலும், இழுபட்டு விறைத்து நிற்கும் ரப்பரின் மேல் படிந்து குறுக்கே அறுத்துவிடும். சூரிய வெளிச்சமும் வெப்பமும் இவ்விரண்டுக்கும் துணை நிற்கின்றன. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இப்படிப்பட்ட கேடு ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்று மதிப்பிடலாம். தகரக் கொட்டகையில் சித்திரை மாதப் பகலில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

டயர் செய்வோர் இதை அறிந்து, ரப்பரோடு கரி மசியையும், ஒருவித மெழுகையும், ஓசோனைத் தடுக்கும் மருந்துகளையும் கலந்திருக்கிறார்கள். டயரின் கறுப்பு நிறம் அழகுக்காக அன்று. வெயிலின் கேட்டைக் கரி மசி தாங்கிக்கொள்கிறது. மெழுகோ டயரின் உட்புறத்திலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து மேற்பரப்பில் போர்வை போல் படிய வேண்டும். இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. டயர் உருண்டு நசுங்கி நிமிரும்போதெல்லாம் இந்தக் கசிவு நடக்கிறது. அசையாமல் நின்றால் கசிவு குன்றிப்போகிறது. பழைய போர்வை காற்றிலும் மழையிலும் கழிந்துபோக, புதுப் போர்வை வராமற்போகிறது. ஆகவே மாதமொருமுறை இருபது கிலோமீட்டர் ஓடும் டயர், ஒருமுறையும் ஓடாத டயரைவிட நெடுங்காலம் நன்றாயிருப்பதில் வியப்பில்லை.

பாரத்தோடு நிற்பதனால் வேறொரு கேடும் உண்டு. தரையில் பட்ட இடம் தட்டையாகி, உள்ளேயிருக்கும் நூற்கட்டு அந்த உருவத்திலேயே பதிந்துவிடும். சில நாள் நின்றதனால் ஏற்பட்ட தட்டை ஓடினால் நிமிர்ந்துவிடும். மாதக்கணக்கில் காற்றிறங்கி நின்றது நிமிராது. காற்றிறங்கிய டயரின் பக்கவாடு மடிந்து, மடிப்பின் வெளிப்புறம் இழுபட்டு நிற்பதால் ஓசோன் முதலில் அங்கேதான் வாய் வைக்கும்.

மழைக்காலத்தில் ஓயும் டயர்கள்

குளிர் நாடுகளில் டயர்களைக் கழற்றி வைப்பது வருஷந்தோறும் நடக்கும் காரியம். பனி பெய்யும் மாதங்களுக்கு வேறு ரப்பர் கலவையாலான டயர்களைப் பூட்டிவிட்டு, கோடை டயர்களை எடுத்து வைப்பார்கள். பிரான்சில் அரசு குறித்துள்ள மலைப்பிரதேச ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரையில் பனி டயர் அல்லது சங்கிலி இருக்க வேண்டுமென்பது 2021 முதல் சட்டமாகவே இருக்கிறது. இதனால் அங்குள்ள குடும்பங்களுக்கு டயரை எங்கே, எப்படி வைப்பது என்பது பழகிய விஷயம். அவர்களே ஊருக்கு வந்தால் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது வேறு.

நமக்குப் பனியில்லை. ஆனால் ஓய்வு காலம் உண்டு. அது பெரும்பாலும் மழைக்காலத்தோடு சேர்ந்து வருகிறது. சம்பா நடவுக்குச் சேறு கலக்கும்போது டிராக்டரின் பின் டயர்களைக் கழற்றிவிட்டுக் கேஜ் வீல் என்னும் இரும்புச் சக்கரங்களைப் பூட்டுவோர் அநேகர். கழற்றிய டயர்கள் வாரக்கணக்கில் வரப்பிலோ களத்து மேட்டிலோ கிடக்கும். நடவு முடிந்தபின் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் டிரெய்லருக்கு வேலை அதிகமில்லை. தைப் பிறப்பு வரையில் அது நனைந்துகொண்டு நிற்கும். புதுச்சேரியின் மழையில் பெரும்பங்கு பெய்வது இந்த மாதங்களில்தான். 2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது இங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆயுத பூஜை இம்மழைக்குச் சற்று முன்னதாக வருவது ஒரு சௌகரியம். அன்று வண்டியைக் கழுவாதவர் இல்லை. கழுவும்போதே டயரையும் சோப்பு நீரால் தேய்த்து, பட்டன் இடுக்கிலுள்ள கல், முள், ஆணிகளை எடுத்துவிட்டு, நிழலில் உலர விடலாம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதால் டயருக்கு யாதொரு தீங்குமில்லை. பளபளப்புக்காக டீசலோ, எஞ்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெயோ பூசுகிறார்களே, அதுதான் தீங்கு. பெட்ரோலிய எண்ணெய்கள் ரப்பரை ஊதச் செய்து மென்மையாக்கி, காப்பாக இருக்கும் மெழுகையும் கரைத்துவிடும். பூசிய அன்று கறுத்து மின்னும் டயர் அதனாலேயே சீக்கிரம் மூப்படையும்.

வைக்கும் இடம்

இருட்டு, உலர்ந்த தரை, குளிர்ச்சி, சலனமில்லாத காற்று: இந்நான்கும் டயருக்கு வேண்டும். பலரும் தேர்ந்தெடுப்பது மோட்டார் கொட்டகை. கதவும் பூட்டும் இருப்பதால் களவுக்குப் பயமில்லை என்பது அவர்கள் சொல்லும் நியாயம். என் அபிப்பிராயத்தில் ஒரு பண்ணையில் டயர் வைப்பதற்கு அதைவிடப் பொருத்தமற்ற இடமில்லை. மின்சாரப் பொறி எங்கே பறக்கிறதோ அங்கே ஓசோன் உண்டாகும். சுவிட்சும் ஸ்டார்ட்டரும், சில இடங்களில் வெல்டிங் சாமானும் பாட்டரி சார்ஜரும் அங்கேதான் இருக்கின்றன. டீசல் டப்பியும் கிரீஸ் டப்பாவும் அங்கேதான். தரையில் நீர் கசிந்துகொண்டேயிருக்கும்.

உரமும் பூச்சி மருந்தும் வைக்கும் அறையும் உசிதமன்று. மயில்துத்தம், காப்பர் ஆக்ஸி குளோரைடு முதலிய தாமிர மருந்துகள் நம் தோட்டக்காரர்கள் கையில் எப்போதும் புழங்குகின்றன. தாமிரம் சிறிதளவு ரப்பரில் பட்டாலும் அது கெட்டுப்போகும் வேகத்தைப் பன்மடங்கு கூட்டிவிடும். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளிலிருந்து கசியும் உப்பு இரும்பு ரிம்மை அரிக்கும். டயரின் மேல் மூட உரச் சாக்கைப் பயன்படுத்துவோர் அதை நன்றாக அலசி உலர்த்திய பின்பே பயன்படுத்த வேண்டும்.

பின் எங்கே வைப்பது என்று கேட்பார்கள். தானியம் வைக்கும் அறையின் ஒரு மூலை, வீட்டின் மாடிப்படிக்குக் கீழுள்ள இடம், வடக்குப் பார்த்த தாழ்வாரம், இவற்றுள் எதுவும் போதும். கீற்றுக் கொட்டகை தகரக் கொட்டகையைவிடக் குளிர்ச்சியானது. ஆனால் எலித் தொல்லையும் தீப்பயமும் அதிகம். தகரக் கொட்டகைதான் உண்டென்றால், அதன் மேல் கீற்று வேய்ந்து, மேற்குச் சுவரோரத்தை விட்டு விலக்கி வைக்கலாம். எங்கே வைத்தாலும் வெறுந்தரையில் வைக்காமல் பலகையோ பனங்கட்டையோ போட்டு அதன்மேல் வைத்தல் வேண்டும். மழைத் தண்ணீர் ஏறும் தாழ்ந்த இடமானால் பலகை ஒரு முழ உயரமாவது இருக்கட்டும்.

வைக்கும் வகையில் ரிம் உள்ளதற்கும் இல்லாததற்கும் பேதமுண்டு. ரிம்மோடு கூடிய கார் டயர்களைக் காற்றைப் பாதியளவுக்குக் குறைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கையாய் நான்கு வரையில் அடுக்கலாம். ரிம்மைப் பிடித்துக் கொக்கியில் மாட்டினாலும் சரியே. ரிம் இல்லாத வெறும் டயரைக் கொக்கியில் மாட்டினால் அதன் வாய்க்கம்பி கோணிப்போகும். அதைப் பட்டன் கீழாக நிமிர்த்தி நிறுத்தி, மாதமொருமுறை கால் சுற்று உருட்டிவிட வேண்டும். உலர்ந்த கார் டயரை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவைப்பது நன்று. உள்ளிருக்கும் மெழுகும் எண்ணெயும் ஆவியாகாமல் நிற்கும். ஈரத்தோடு கட்டினால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும்.

டியூப்களைக் காற்று இறக்கி, டால்க் பவுடர் தூவி, ஒடியாதபடி தளர்வாக மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தால் எலிக்கும் தப்பும், ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கும்.

டிராக்டரின் பின் சக்கரத்தைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சறுக்காமல் பிடிப்பதற்காக அதில் தண்ணீர் நிரப்பியிருப்பார்கள், 13.6-28 அளவுள்ள டயரில் அது 100 லிட்டருக்கு மேல். ரிம்மும் நீரும் டயருமாகச் சேர்ந்த அந்தப் பாரத்தைச் சுவரில் சாத்திவைப்பது களத்தில் விளையாடும் குழந்தைகளுக்கு யமனை நிறுத்திவைப்பதற்குச் சமானம். மழையில் தரை இளகினால் அது தானே சாயும். நீரை வடித்துவிட்டு, பலகை மேல் படுக்கையாய்க் கிடத்தலாம். இயலாவிடில் கல்தூணோடு சங்கிலியால் பிணித்து வைக்க வேண்டும். நீரை வடிக்கும்போது ரிம் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது உத்தமம்.

வண்டியிலிருந்து கழற்ற விருப்பமில்லாதவர்கள் டிரெய்லரை ஜாக்கி கொண்டு தூக்கி அச்சின் கீழ் கட்டை கொடுத்தால் டயரில் பாரம் இறங்காது. காருக்கு இவ்வளவு சிரமம் வேண்டியதில்லை. டயரில் குறித்துள்ள உச்ச அளவைத் தாண்டாமல் வழக்கத்தினும் சில பவுண்டு காற்றுக் கூடுதலாய் அடித்து, வெயில் படாத இடத்தில் நிறுத்தி, பதினைந்து நாளைக்கொருமுறை ஒரு பாகம் முன்னே பின்னே நகர்த்தினால் போதும். பிரான்சிலிருப்பவர்கள் சாவியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து மாதமொருமுறை வில்லியனூர் வரையில் ஓட்டிவரச் சொல்வதே எல்லாவற்றிலும் சிறந்தது. கார் சாவியை விட்டுச் செல்ல மனம் வராதென்பதையும் அறிவேன்.

கொசுவும் டயரும்

இதுவரையில் சொல்லியது சொந்தக்காரரின் பண நஷ்டத்தைப் பற்றியது. திறந்த வெளியில் கிடக்கும் டயர் அண்டை அயலாருக்கும் கேடு செய்யும். டெங்கு, சிக்குன்குன்யா நோய்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சேற்றிலும் சாக்கடையிலும் பெருகுவதைவிட, சுத்தமாய்த் தேங்கிய சிறு நீரிலேயே அதிகம் பெருகும். அதற்கு டயரைப் போன்ற வீடு வேறில்லை. எப்படிக் கிடந்தாலும், எப்படிச் சாய்த்தாலும் உள்வளையத்தில் சிறிது நீர் நிற்கும், உட்புறம் நிழலாயிருக்கும், காற்றில் விழுந்த சருகு மட்கிப் புழுவுக்கு ஆகாரமாகும். முட்டையிலிருந்து கொசு பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும்.

இதில் குடியானவர்கள் அறியாத சூட்சுமம் ஒன்றுண்டு. ஏடிஸ் கொசு நீரில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டயரின் உட்சுவரில் ஒட்டவைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த மழை நீர் தொட்டவுடன் பொரிக்கும். ஆகையால் மார்கழியில் நனைந்த டயரைக் கவிழ்த்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று எண்ணலாகாது. உட்புறத்தைத் துடைப்பத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி உலர்த்தியபின்பே உள்ளே வைத்தல் வேண்டும். இக்கொசுவின் இனத்தைச் சேர்ந்த ஒன்று 1985-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகரில் பரவியிருப்பதாகக் கண்டுபிடிக்கப்பட்டது; ஆசியாவிலிருந்து கப்பலேறிய பழைய டயர்களில் முட்டையாகச் சென்றிறங்கியது என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தார்கள். சமுத்திரத்தைத் தாண்டிய முட்டைக்கு நம் களத்து மேட்டிலிருந்து வீட்டுத் திண்ணை எம்மாத்திரம்?

நம் நாட்டில் 1973-க்குப் பின் வெகு காலம் ஓய்ந்திருந்த சிக்குன்குன்யா 2005-ம் வருஷக் கடைசியில் மீண்டும் தலைகாட்டி, 2006-ல் மட்டும் 13 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கண்டதாகக் கணக்கிடப்பட்டது. மூட்டுவலியோடு நாற்று முடி தூக்க ஆள் வராது. இக்கொசு அதிக தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே திரியும். ஒரு கிராமத்துக் கொசு அந்தக் கிராமத்தார் வளர்த்ததே என்று கொள்ளலாம். இத்தகைய பூச்சிகளைப் பற்றி ஆராயும் மத்திய நிலையம் 1975 முதல் நம் புதுச்சேரியிலேயே, இந்திரா நகரில் இருந்து வருகிறது.

கிராம அதிகாரிகளும் கொம்யூன் பஞ்சாயத்தாரும் ஐப்பசி முதல் மழைக்கு முன்னரே ஊரிலுள்ள டயர்களைச் சுற்றிப் பார்த்தல் நலம். பண்ணைகளில் கிடப்பவற்றைவிட, பஞ்சர் கடை வாசலிலும், தகரக் கூரையும் தார்ப்பாயும் பறக்காமலிருக்க மேலே போட்டவையும், செடி வைக்க அறுத்தவையுமே அதிகமிருக்கும். கூரை மேலுள்ளவற்றில் ஒவ்வொரு சாண் இடைவெளியில் துளையிட்டால் நீர் நில்லாது. இல்லையேல் மண் நிரப்பிவிடலாம். பஞ்சர் கடைக்காரர் பிழைப்பைக் கெடுக்காமல், ஒரு தார்ப்பாய் போர்த்திக்கொள்ளச் சொல்லி, வாரத்தில் ஒரு நாள் எட்டிப் பார்ப்பதே உசிதம். போகிப் பண்டிகையன்று டயர் கொளுத்துவதை மட்டும் தாட்சணியமின்றித் தடுக்க வேண்டும். கந்தகமும் எண்ணெயும் எரிந்த அப்புகை குழந்தைகளின் நெஞ்சுக்கு ஆகாது. பழைய டயரை மறு உபயோகத்துக்கு அனுப்பும் பொறுப்பை 2022 ஜூலையில் வெளியான மத்திய அரசின் விதிகள் டயர் உற்பத்தி செய்வோர்மீது சுமத்தியிருக்கின்றன. ஆகையால் கழிவு டயரை எடுத்துக்கொள்ளும் வியாபாரியைத் தேடி ஒப்படைப்பதே வழி.

மீண்டும் பூட்டும்போது

தை மாதத்தில் டயரை வெளியே எடுத்தவுடன் பாரம் ஏற்றக்கூடாது. பக்கவாட்டை விரலால் அழுத்தி வளைத்துப் பார்த்தால் உள்ளிருக்கும் வெடிப்பு வாய் திறக்கும். மேலோட்டமான மயிரிழை வெடிப்புள்ளதை வயலுக்குள் மெல்ல ஓட்டப் பயன்படுத்தலாம். நூல் தெரிந்தால் அதைத் தள்ளிவிட வேண்டியதுதான். கார் டயரிலோ நூல் தெரியும் வரையில் காத்திருத்தல் தகாது. பக்கவாட்டில் சிறிய கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் பொறித்திருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ம் வருஷத்து 35-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஐந்து வருஷம் கடந்ததை வருஷந்தோறும் கடைக்காரரிடம் காட்டிச் சோதிப்பதும், பத்து வருஷம் கடந்ததை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், கழற்றிவிடுவதும் முறை. புது டயர் வாங்குவோரும் இந்த எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். கடையில் மூன்று வருஷம் வெயிலில் அடுக்கியிருந்ததும் புதிது என்றே விற்கப்படும்.

காற்றைச் சரியான அளவுக்கு நிரப்பி, வெறும் வண்டியாகச் சிறிது தூரம் ஓட்டியபின், சக்கரத்து நட்டுகளை மறுபடி இறுக்கிவிட்டு நெல் ஏற்றலாம்.